பைக்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லாதீங்க தம்பிகளா

போன வாரம் ஆஸ்பத்திரில நைட் டூட்டில இருந்தப்ப ஒரு பையன் வந்தான், திருவல்லிக்கேணி பக்கம் மேன்ஷன்ல தங்கி வேலைக்குப் போறவன். பைக்ல இருந்து விழுந்துட்டேன் சார்னான். பைக்ல விழுந்தவனுக்கு முட்டி தேயும், உள்ளங்கை தேயும். இவனுக்கு ரெண்டு மணிக்கட்டுலயும் இறுக்கிப் புடிச்ச தடம், ஸ்டூல்ல உட்காரவே முடியல. கூட வந்தவரை வெளிய அனுப்பி ஸ்க்ரீனை இழுத்து விட்டப்புறம்தான் வாயைத் திறந்தான். அவனைப் பாலியல் பலாத்காரம் பண்ணிருக்காங்க, நடந்து ஆறு நாள் ஆயிருச்சு. இப்படி லேட்டா வந்த எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு, அந்த ஆத்தாமைலதான் எழுதறேன்.

எல்லாரும் கேக்கற மொத கேள்வி, ஆம்பளதானே, தள்ளிவிட்டுட்டு ஓட வேண்டியதுதானே? பயத்துல உடம்பு மரத்துப் போறது ஆம்பளைக்கும்தான் நடக்கும், கை கால் அசையாது, சத்தம் வராது, ஜிம் போற உடம்பா இருந்தாலும் இதே கதிதான். அதுக்கு மேல ரெண்டு மூணு பேர் சேர்ந்து புடிச்சிருக்கலாம், சரக்குல எதையாவது கலந்திருக்கலாம், இல்ல வேலை வாங்கிக் குடுத்தவனே செஞ்சிருக்கலாம்.

எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற விஷயம் இன்னொன்னு. அந்த நேரத்துல உடம்பு ரியாக்ட் பண்ணிருச்சு, அப்ப எனக்கும் அது புடிச்சிருந்துச்சோன்னு இந்தப் பசங்க தனக்குள்ளயே வெந்து சாகறாங்க. செஞ்சவனும் இதையே சொல்லி வாயை அடைக்கறான். தம்பி, நல்லா கேட்டுக்கோ, விறைப்பு வர்றதும் விந்து வெளியேறதும் தண்டுவடத்துல நடக்கற ரிஃப்ளெக்ஸ், தொட்டாலோ அழுத்துனாலோ தானா வரும், பயத்துல கூட வரும், உன் மனசைக் கேட்டுட்டு வராது. வெங்காயம் நறுக்கறப்ப கண்ல தண்ணி வருது, அதுக்காக நீ அழுதேன்னு ஆயிருமா? செஞ்சது பொண்ணா இருந்தாலும் இதேதான், "உனக்கென்னடா அதிர்ஷ்டம்"னு சிரிக்கற ஃப்ரெண்டுங்க தயவுசெஞ்சு வாயை மூடிக்கோங்க.

சட்டமும் பெருசா கைகொடுக்கல. ஐபிசிங்கற பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1ல வந்த பாரதிய நியாய சன்ஹிதால பலாத்காரம்னா பாதிக்கப்பட்டவங்க பெண்ணா இருக்கணும், ஆம்பளை மேல நடக்கற பலாத்காரத்துக்கும் கேஸ் போட உதவுன பழைய ஐபிசி 377ஐயும் அதுல சேர்க்கல. 18 வயசுக்குக் கீழ இருந்தா 2012 போக்சோ சட்டம் பையனுக்கும் செல்லும். அதுக்கு மேல போனா அடிச்சது, அடைச்சு வச்சது, மிரட்டுனதுன்னு வேற பிரிவுலதான் கேஸ் போட முடியும். வீட்டுல மனைவியோ வீட்டாளுங்களோ அடிக்கற ஆம்பளைங்களுக்கும் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் உதவாது, ஆனா காயப்படுத்தறதுக்கான பிரிவுல ஆண் பெண் பேதம் கிடையாது, விவாகரத்துக்கு கொடுமைங்கற காரணம் ரெண்டு பேருக்கும் உண்டு. இதை வச்சு பெண்களுக்கான சட்டத்தைத் திட்ட யாரும் வராதீங்க, அங்க இருந்து பிடுங்கணும்னு நான் சொல்லல.

இப்ப செய்ய வேண்டியது. 72 மணி நேரத்துக்குள்ள வாங்க, எவ்வளவு சீக்கிரம் வர்றீங்களோ அவ்வளவு நல்லது. அதுக்குள்ள ஆரம்பிச்சாதான் ஹெச்ஐவி தடுப்பு மாத்திரை பிரயோஜனம், 28 நாள் விடாம போடணும். ஹெபடைட்டிஸ் பி ஊசி, டெட்டனஸுக்கான டிடி ஊசியும் தேவைப்பட்டா போடுவோம். கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச், எங்க வேணா போங்க, கேஷுவால்ட்டி ராத்திரி பூரா திறந்திருக்கும், காசு கிடையாது. குளிக்காதீங்க. போட்டிருந்த துணியைத் துவைக்காம பேப்பர் கவர்ல வைங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம், ஈரத்துல தடயம் கெட்டுரும். ஆஸ்பத்திரில காயத்தைப் பதியற ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்ல (ஏஆர்) பைக் ஆக்ஸிடென்ட்னு ஏறிட்டா அப்புறம் போலீஸுக்குப் போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் மொத அந்தக் காப்பியைத்தான் நீட்டுவாரு, அதனால உண்மையைச் சொல்லுங்க, தனியா பேசணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அது உங்க உரிமை. 72 மணி தாண்டிருச்சா, அப்பவும் வாங்க, காயமும் டெஸ்ட்டும் பார்க்கணும். மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416க்கு அடிங்க, அது டெலி மானஸ்ங்கற அரசோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்ல பேசுவாங்க.

கூட டூட்டி பார்க்கற டாக்டர், சிஸ்டர், வார்டு பாய் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பையன் சொல்றப்ப ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்காதீங்க. லைன்ல எல்லார் முன்னாடியும் சத்தமா என்னப்பா ஆச்சுன்னு கேக்காதீங்க. அந்த ஒரு பார்வையிலயே எழுந்து போயிருவான், மறுபடி எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டான்.