ஊசி போட்ட இடத்துக் கட்டியும் ஸ்கேனும்

தடுப்பூசிக்குப் பின் தொடையில் கட்டி என்று என்னிடம் ஸ்கேனுக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு மஞ்சள் பத்து காய்ந்து ஒட்டியிருக்கும். அதைத் துடைத்த பிறகே ஜெல் பூச முடியும். பத்தின் சூட்டால் சிவந்ததா, சீழ் கட்டிச் சிவந்ததா என்று தோலைப் பார்த்து மட்டிடவும் முடியாது. கை வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. ஸ்கேன் முடியும் வரையாவது பொறுங்கள்.

நான் முதலில் தேடுவது, உள்ளே நீர்த்தன்மை இருக்கிறதா என்பதை. கருவியின் முனையால் மெல்ல அமுக்கும்போது உள்ளே துகள்கள் சுழன்றால் பெரும்பாலும் சீழ்தான். சுற்றிலும் இரத்த ஓட்டம் கூடியிருக்கும், நடுவில் இராது. அமுக்கியும் அசையாமல், தோலுக்கடியில் கொழுப்புப் படலத்தில் விளிம்பு மங்கிய கறுத்த திட்டாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் ஊசிக்கு உடல் காட்டிய எதிர்வினை. ஆரம்பச் சீழும் சிலவேளை கெட்டியாகத் தெரியும். அதனால்தான் சில நாள் கழித்து மறுபடி வரச் சொல்கிறோம்.

பலரும் அறியாத ஒன்று அரிக்கும் கட்டி. இலங்கையில் 2, 4, 6 மாதங்களில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியில் அலுமினிய உப்பு உண்டு. சில பிள்ளைகளுக்கு வாரங்கள், மாதங்கள் கழித்து அந்த இடத்தில் கடலையளவு முடிச்சு தோன்றும். குளிருக்கு இரண்டு காற்சட்டை போட்ட பிள்ளை இரவெல்லாம் தொடையைச் சொறிந்து அழும். தாய் பூச்சிக்கடி என்று நினைப்பார். தடிமன், காய்ச்சல் வந்தால் அரிப்பு கூடும். தானாக மறைய வருடங்கள்கூட ஆகலாம். பொதுவாக வெட்டி எடுக்கத் தேவையில்லை. வைத்தியரிடம் சொல்லுங்கள், அடுத்த ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிறந்ததும் இடது மேற்கையில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. வேறு விதம். சில வாரங்களில் கொப்புளம் எழுந்து, கசிந்து, தழும்பாவது இயல்பு. அதற்கு ஸ்கேனும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். இடது அக்குளில் நெறி கட்டினால் காட்டுங்கள். சீழ் கோத்திருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பதே பாதுகாப்பு. கீறிவிட்டால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் கசியும்.

காய்ச்சலோடு சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் பெருத்தால் தோட்ட டிஸ்பென்சரி மாத்திரையோடு காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய் கொழுந்து பறிக்கப் போனால் பாட்டிதான் மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறிப் பிள்ளையைக் கொண்டு வருவார். தடுப்பூசிப் பதிவேடு லயத்து வீட்டிலேயே இருக்கும். எந்த ஊசி, எந்தத் தேதி, எந்தக் கால் என்பது எனக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். ஊசி போடாத காலில் கட்டி என்றால் நான் தேட வேண்டியது வேறொன்று.