மண்கட்டி கரையுமா, நிற்குமா?

உழுத வயலுக்குள் இருந்து ஒன்று, அதே வயலின் வரப்பில் புல் மண்டிய இடத்தில் இருந்து ஒன்று, எலுமிச்சை அளவில் இரண்டு மண்கட்டிகளை எடுத்து நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கொசுவலைத் துண்டில் வைத்து மெல்ல இறக்கிப் பாருங்கள். வருடக்கணக்காக உழுது ரசாயன உரம் மட்டுமே பார்த்த வயல் என்றால் அந்தக் கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும், வரப்புக் கட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒரே களிமண், ஒரே மணல், அப்படியிருந்தும் இப்படி.

காய்ந்த கட்டிக்குள் தண்ணீர் வேகமாகப் புகும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று நெருக்குண்டு வெளியே பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். அதைத் தாங்குவதற்கு ஒரு பசை வேண்டும். பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் வழவழப்பான சர்க்கரைப் பொருள்தான் அது. அதற்கு மேல் பூஞ்சை இழைகளும் சல்லிவேர்களும் துகள்களைச் சேர்த்துக் கட்டுகின்றன. இப்படிச் சேர்ந்த உருண்டைகளுக்கு நடுவில் பெரிய துளைகள், உருண்டைக்குள்ளே சிறிய துளைகள். பெரியது மழையையும் காற்றையும் உள்ளே விடும், சிறியது ஈரத்தைப் பிடித்து வைக்கும். பசை இல்லாத மண்ணில் மழைத்துளி விழுந்ததும் நுண்துகள்கள் உதிர்ந்து துளைகளை அடைத்துவிடும், காய்ந்தால் மேலே ஓடு இறுகும், அடுத்த மழை உள்ளே இறங்காமல் வாய்க்காலுக்கு ஓடும்.

(சேற்றுழவு போட்ட நெல் வயலை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே தண்ணீர் கீழே இறங்காமல் நிற்க வேண்டும் என்பதற்காக நாமே வேண்டுமென்று இந்தக் கட்டமைப்பை உடைக்கிறோம்.)

சரி, இந்த நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு போடுவது யார்? செடிதான். வெயிலில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. வேரை ஒட்டிய அந்தச் சில மில்லிமீட்டருக்குள் பாக்டீரியா பெருகும். ஆனால் பெருகிய பாக்டீரியா தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தன் உடம்பிலேயே பூட்டி வைத்துக்கொள்ளும், செடிக்கு அதனால் உடனே லாபம் இல்லை. அதைத் தின்ன ஒற்றைச் செல் உயிர்களும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களும் வர வேண்டும். தின்ற பாக்டீரியாவில் இருக்கும் தழைச்சத்து அவற்றுக்குத் தேவைக்கு மேல் என்பதால் மிச்சத்தை அம்மோனியமாக வெளியே விடுகின்றன, பக்கத்திலேயே வேர் காத்திருக்கிறது. பல்லுயிர் என்றாலே காட்டையும் புலியையும் நினைக்கிறோம், ஆனால் 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு உலக உயிரினங்களில் ஏறத்தாழ 59 சதவீதம் மண்ணில் வாழ்கின்றன என்கிறது. நூற்புழு என்றாலே மருந்து அடிக்க ஓடுகிறோம். அதில் வேரைக் கடிக்கும் வகைகளோடு நமக்கு உரம் போடும் வகைகளும் இருக்கின்றன.

மணிச்சத்தின், அதாவது பாஸ்பரஸின் கதை வேறு. அது மண்ணில் அநேகமாக நகராது. வேர் தன்னைச் சுற்றி இருப்பதை உறிஞ்சிவிட்டால் தீர்ந்தது. 'வேம்' என்று கடைகளில் விற்கிறார்களே, அந்த வேர்ப்பூஞ்சை தன் இழைகளைச் சில சென்டிமீட்டர் தூரம் நீட்டி மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிக் கொட்டினால் செடி இந்தக் கூட்டாளியைக் கழற்றிவிடும், சும்மா கிடைப்பதற்கு ஏன் சர்க்கரை கொடுக்க வேண்டும்?

செடியும் நுண்ணுயிரும் இப்படிக் கூட்டு வைப்பதை உளுந்தில் கண்ணாலேயே பார்க்கலாம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே வயல் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். பூக்கிற சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, பாக்டீரியா குடியிருக்கும் வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் சொந்தக்காரப் புரதம் அது. காற்றில் இருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அதைக் காவல் காக்கிறது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை.

மண்ணைப் பரிசோதித்து விவசாயிக்கு அரசு கொடுக்கும், 2015இல் வந்த மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் அதில் உயிருக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது அங்ககக் கரிமம் (மட்கிய பொருளில் இருக்கும் கார்பன்) ஒன்றுதான். 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் 'குறைவு' என்று கணக்கு. அதைக் கூட்டுவதற்காக வைக்கோலை மடக்கி உழுதுவிட்டு உடனே நட்டால் பயிர் மஞ்சளாகப் போகும். வைக்கோலில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை மண்ணில் இருந்தே எடுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். கொஞ்ச நாள் மட்கவிட்டு நட வேண்டும். பசுந்தாள் உரமாக விதைக்கும் தக்கைப்பூண்டை 40, 45 நாளில் பூ எடுக்கும்போதே மடக்கி உழச் சொல்வதும் இதனால்தான், தண்டு முற்றவிட்டால் அதுவும் வைக்கோல் கணக்குதான்.