பள்ளிக்கரணைச் சேற்றைக் கிளறுமுன்

தென்சென்னையின் மழைவெள்ளத்தை வாங்கி ஒக்கியம் மடுவு வழியாக வெளியே அனுப்பும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. இத்தகைய கிடங்குகளில் பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, மின்பலகை எல்லாம் மட்காமல் கிடக்கும். உள்ளே இறங்கும் மழைநீர் ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு கறுப்பாகக் கசியும்.

கசிந்த உலோகம் நீரில் நெடுநாள் தங்குவதில்லை. களிமண் துகளிலும் மட்கிய கோரையிலும் ஒட்டி அடியில் படிந்துவிடுகிறது. நீரைச் சோதித்து 'பரவாயில்லை' என்று சான்று கொடுப்பது அதனால்தான் பாதிக் கதை.

சதுப்புச் சேற்றை வெட்டிப் பார்த்தால், மேலே மெல்லிய பழுப்புப் படலம். அதற்குக் கீழே கரி நிறம், அழுகிய முட்டை வாடை. பழுப்பில் ஆக்சிஜன் உண்டு, கறுப்பில் இல்லை. ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் சல்பேட் என்னும் கந்தகச் சேர்மத்தைக் கொண்டு சுவாசித்து, இன்னொரு கந்தகச் சேர்மமான சல்பைடை வெளிவிடுகின்றன. அது இரும்போடு சேர்வதால்தான் கறுப்பு. ஈயமோ காட்மியமோ வந்தால், இரும்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றின் சல்பைடு நீரில் கரையாது என்று சொல்லுமளவுக்குக் குறைவாகவே கரையும். பூட்டிய பெட்டிபோல உலோகம் அங்கேயே கிடக்கும்.

பாதரசத்தின் கதை வேறு. அதே பாக்டீரியாக்களில் சில அதை மெத்தில் பாதரசம் என்னும் நச்சு வடிவமாக மாற்றுகின்றன. அது புழுவில் தொடங்கி மீன், மீனைத் தின்னும் பறவை என்று படிக்குப் படி செறிவு கூடும்.

கோடையில் சேறு வெடித்துக் காயும்போது உள்ளே காற்று நுழைகிறது. சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலம் உண்டாகிறது. பிடிபட்டிருந்த உலோகம் விடுபடுகிறது. அடுத்த மழையில் அதில் ஒரு பங்கு நீருக்குத் திரும்பும். தூர்வாரிய கறுப்புச் சேற்றைக் கரையில் குவித்து வைத்தாலும் நடப்பது இதுவே. வெள்ளம் வடிந்ததும் தூர்வாரச் சொல்வது நம் வழக்கம், தேவையும் இருக்கலாம். ஆனால் ஒரு கிலோ சேற்றில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் உலோகம் என்று மட்டும் அளந்துவிட்டு இயந்திரத்தை இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் சல்பைடில் சிக்கியது எவ்வளவு, எளிதில் கரைவது எவ்வளவு, அள்ளிய சேறு எங்கே போகும் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.