மழை ஓய்ந்த மூன்றாம் நாளில் புழு எண்ணாதீர்கள்

சென்னையில் ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்துத் தன்னார்வக் குழு ஒன்று தன் கணக்கேட்டை அண்மையில் என்னிடம் காட்டியது. மே மாதத்தில் தட்டு நிறையக் கிடந்த, கழிவுச் சேற்றில் பெருகும் டியூபிஃபெக்ஸ் புழுவும் ரத்தப்புழுவும் (கொசு போன்ற ஒரு பூச்சியின் இளவுயிரி), டிசம்பர் மழை ஓய்ந்த மூன்றாம் நாள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தன. ஆகவே கால்வாய் சுத்தமாகிவிட்டது என்பது அவர்கள் முடிவு. இதை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.

மழை கால்வாயைச் சுத்தம் செய்வதில்லை. வெள்ளம் அடிச்சேற்றைப் பெயர்த்துப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குத் தள்ளும்போது, அதில் புதைந்து வாழும் புழுக்களும் கூடவே அடித்துச் செல்லப்படுகின்றன; கழிவுநீர்க் குழாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொளத்தூரில் வண்ணமீனுக்குத் தீனியாக விற்கப்படும் அதே டியூபிஃபெக்ஸ், சேறு படிந்த சில வாரங்களில் திரும்பிவிடும். அன்றைக்கு உங்கள் அறிக்கை என்ன ஆகும்?

அந்த ஏட்டில் மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தது. பி.எம்.டபிள்யூ.பி. என்பது மாசைத் தாங்காத உயிரிக் குடும்பங்களுக்கு அதிக மதிப்பெண் தரும் முறை. அதில் டியூபிஃபெக்ஸ் போன்ற புழுவுக்கு 1, ரத்தப்புழுக் குடும்பத்துக்கு 2, சராசரி 1.5. மழையோடு கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் தேங்கிய குட்டைகளில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு ஒன்று வெள்ளத்தில் மிதந்து வந்து வலையில் விழுந்தால், அக்குடும்பத்துக்குரிய 8 சேர்ந்து சராசரி 3.7-ஐத் தொடும். வழிப்போக்கனைக் குடியிருப்பவனாகக் கணக்கெழுதினால் இப்படித்தான் ஆகும்.

கோடைக்கும் தனிக்கணக்கு உண்டு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும், 35 டிகிரியில் 7 தான். அதையும் செறிந்த கழிவு தின்றுவிடும். ஹீமோகுளோபின் கொண்ட ரத்தப்புழு அங்கே பிழைக்கும், பெரும்பாலான மேஃப்ளை (நீரில் வளரும் ஒரு மென்பூச்சி) இளவுயிரிகள் பிழைக்கா. எண்ணூர்க் கழிமுகத்திலோ மழைக்குப் பின் உப்பு குறைந்து கோடையில் ஏறும் என்பதால், இந்த நன்னீர் மதிப்பெண் பட்டியலை அங்கே எடுத்துச் செல்லவே கூடாது.

ஆகவே மே மாதத்தை மே மாதத்தோடும், பிப்ரவரியைப் பிப்ரவரியோடும் ஒப்பிடுங்கள். அதே இடம், அதே கண்ணளவு வலை, வலையிட அதே மூன்று நிமிடம். ஆளுக்கொரு வலை வேண்டாம். பெருமழைக்குப் பின் குறைந்தது மூன்று, நான்கு வாரம் பொறுத்திருங்கள். கடைசியாக வெள்ளம் வந்த தேதியை ஏட்டின் தலைப்பிலேயே எழுதுங்கள். ஒற்றை உயிரியை வைத்து மதிப்பெண் உயர்ந்தால், மறுவாரம் மீண்டும் பார்க்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள்.

மாணவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கையுறையும் முழங்கால் வரை பூட்ஸும் இல்லாமல் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் வரும், அதுவும் மழைக்காலத்தில்தான் அதிகம்.