ரெசிலியன்ஸ்: மீள்திறனா, தாங்குதிறனா?

உக்ரைனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அளித்துவரும் உதவியைப் பற்றிய எந்த அறிக்கையை எடுத்தாலும் 'ரெசிலியன்ஸ்' என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. மின்கட்டமைப்பின் ரெசிலியன்ஸ், வங்கித் துறையின் ரெசிலியன்ஸ், நீதித்துறையின் ரெசிலியன்ஸ், மக்களின் ரெசிலியன்ஸ் என்று அது எல்லா இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் இதை மீள்திறன் என்கிறோம், மீண்டெழும் ஆற்றல் என்கிறோம், நெகிழ்திறன் என்கிறோம், சில நேரம் மன உறுதி என்றுகூட எழுதிவிடுகிறோம். ஒரு சொல்லுக்குப் பல பெயர்ப்புகள் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் இந்தத் தமிழ்ச் சொற்கள் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. மின்நிலையம் தகர்ந்த ஊரில் வாழ்பவர்களைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் அவர்களுடைய நிலையை நாம் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடும்.

சொல்லின் வேர் லத்தீன். 'சலீரே' என்றால் குதித்தல். அதன் முன் 'ரே' சேர்ந்து 'ரெசிலீரே' ஆகும்போது பின்னோக்கிக் குதித்தல், துள்ளித் திரும்புதல் என்று பொருள்படும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பற்றி எழுதும்போது, சுவரில் பட்ட ஓசை துள்ளித் திரும்புவதைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தினார். இதே லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சில் 'ரெசிலியே' என்ற வினை வந்தது. அதற்கு ஓர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வது என்று பொருள். கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குவதற்கும் விழுந்தபின் எழுவதற்கும் ஒரே வேர் இருப்பது முதலில் வியப்பாக இருக்கலாம். அந்த வேரில் இருப்பது 'திரும்பிப் போதல்' மட்டுமே. எதற்காக, எங்கே என்பதை அது சொல்வதில்லை.

1818-இல் தாமஸ் டிரெட்கோல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மரங்களின் வலிமையை ஆராய்ந்து எழுதியபோது, சுமையை ஏற்றினால் ஒடியாமல் வளைந்து, சுமையை எடுத்ததும் பழைய வடிவுக்கு வரும் பண்பை இச்சொல்லால் குறித்தார். நம் இயற்பியல் பாடநூல்களில் மீட்சிப் பண்பு, மீட்சிக் குணகம் என்றெல்லாம் படித்தோமே, அந்த வட்டாரத்துப் பொருள்தான் இது. இழுத்த ரப்பர் பட்டை மீள்கிறது. அழுத்திய சுருள்வில் மீள்கிறது. பொருள்களின் அளவில் 'மீள்' என்ற நம் வேர் வெகு பொருத்தமாக அமர்ந்துவிட்டது.

திருப்பம் 1973-இல் வந்தது. கனடாவைச் சேர்ந்த சூழலியல் அறிஞர் சி. எஸ். ஹாலிங், காடுகளையும் ஏரிகளையும் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில், அதுவரை ஒன்றாகக் கருதப்பட்ட இரண்டு பண்புகளைப் பிரித்துக் காட்டினார். குலைவு ஏற்பட்ட பிறகு பழைய சமநிலைக்கே திரும்புவதற்கு அவர் நிலைத்தன்மை என்று பெயரிட்டார். குலைவை உள்வாங்கிக்கொண்டு, தேவையான அளவு மாறி, அழியாமல் தொடர்வதையே ரெசிலியன்ஸ் என்றார். இதைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். ஹாலிங்கின் கணக்கில், 'பழைய நிலைக்கு மீள்வது' என்பது ரெசிலியன்ஸ் அன்று. அதற்கு எதிரே வைக்கப்பட்ட பண்பு. பேரிடர் மேலாண்மையிலும் அரசுகளின் கொள்கையிலும் இன்று புழங்கும் பொருள் பெரும்பாலும் இந்தச் சூழலியல் வழி வந்ததுதான். நாமோ சொல்லைப் பொறியியல் வழியில் பெயர்த்துவிட்டு, பொருளைச் சூழலியல் வழியில் வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஐரோப்பிய ஆணையம் 2012-இல் இச்சொல்லுக்கு வகுத்த விளக்கத்தில் மூன்று வினைகள் உள்ளன: ஒரு தனிமனிதரோ குடும்பமோ சமூகமோ நாடோ அதிர்ச்சிகளைத் தாங்குவது, அவற்றுக்கு ஏற்பத் தகவமைவது, விரைந்து மீள்வது. மீள்திறன் என்று எழுதும்போது மூன்றாவது வினை மட்டுமே வாசகருக்குப் போய்ச் சேர்கிறது. முதல் இரண்டும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

மற்ற மொழியினர் என்ன செய்கிறார்கள்? போலந்து மொழியில் இதற்கு 'ஒத்போர்னோஷ்ச்' என்கிறார்கள். உடலின் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் அதே சொல்தான். உக்ரைனிய மொழியில் அரசு ஆவணங்களில் நிற்கும் சொல் 'ஸ்தீய்கிஸ்த்'. நிற்றல் என்று பொருள்படும் 'ஸ்தோயாதி' என்ற வினையிலிருந்து அது பிறந்தது. சமஸ்கிருத 'ஸ்தா'வும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரைச் சேர்ந்தது. அங்கிருந்து நம்மிடம் வந்ததே ஸ்திரம். அந்த வகையில் உக்ரைனியரின் ஸ்தீய்கிஸ்தும் நம் பேச்சில் புழங்கும் ஸ்திரமும் தூரத்து உறவினர்கள். துள்ளித் திரும்புவதைப் பற்றிய லத்தீன் சொல்லை, அசையாமல் நிற்பதைப் பற்றிய சொல்லாக அவர்கள் பெயர்த்திருக்கிறார்கள். 2021 செப்டம்பரிலேயே, அதாவது முழு அளவிலான படையெடுப்புக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, 'தேசிய ஸ்தீய்கிஸ்த்' அமைப்பை உருவாக்கும் ஆணையை உக்ரைன் வெளியிட்டிருந்தது.

ஆனால் மக்கள் வாயில் அதைவிடச் சூடாக வழங்குவது 'நெஸ்லாம்னிஸ்த்'. 'ஸ்லமாதி' என்றால் ஒடித்தல். ஒரு குச்சியை இரண்டாக ஒடிப்பதற்கும் அந்த வினைதான். நெஸ்லாம்னிஸ்த் என்றால் ஒடிக்க முடியாமை. 2022 அக்டோபர் 10 முதல் ரஷ்யா மின்நிலையங்களையும் துணைமின் நிலையங்களையும் குறிவைத்து அலையலையாகத் தாக்கத் தொடங்கியது. அந்த நவம்பரில், பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் கூடாரங்களிலும் நாடெங்கும் திறக்கப்பட்ட இடங்களுக்கு 'ஒடியாமை மையங்கள்' என்று பெயரிட்டார்கள். மின்சாரம் போன வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு ஒருவர் அங்கே போனால் சூடும் வெளிச்சமும் குடிநீரும் கிடைக்கும், கைபேசிக்கு மின்னேற்றிக்கொள்ளலாம், போர்முனையில் இருப்பவரோடு பேச இணைய இணைப்பு இருக்கும், அத்தனையும் கட்டணமின்றி. ஒரு சுருக்கமான அரசியல் சொல், ஜெனரேட்டரின் இரைச்சலும் தேநீரின் ஆவியும் உள்ள ஓர் இடமாகவே ஆகிவிட்டது. அங்கே இருந்தவர்கள் எதிலிருந்தும் 'மீண்டு' வந்திருக்கவில்லை. அடுத்த தாக்குதல் வரும் என்று தெரிந்தே அந்த இரவைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். தாக்குதல் ஓயாத காலத்தில் மீள்திறன் என்று எழுதுவது முந்திக்கொண்டு எழுதுவதாகும்.

மீள்திறன் என்ற சொல் பொருந்தாததற்கு இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. உக்ரைனின் மின்கட்டமைப்பு சோவியத் காலம் தொட்டு ரஷ்ய, பெலாருஷிய கட்டமைப்போடு ஒரே அதிர்வெண்ணில் இயங்கிவந்தது. அதிலிருந்து விலகி ஐரோப்பியக் கட்டமைப்போடு சேர்வதற்கான முன்னோட்டமாக, மூன்று நாள்கள் மட்டும் தனித்து இயங்கிப் பார்ப்பது என்று முன்பே திட்டமிட்டு ஒரு நாளைக் குறித்திருந்தார்கள். அந்த நாள் 2022 பிப்ரவரி 24. நள்ளிரவை ஒட்டி இணைப்பைத் துண்டித்தார்கள். விடிவதற்குள் ஏவுகணைகள் விழத் தொடங்கின. சோதனை முடிந்ததும் பழைய கட்டமைப்போடு மறுபடி சேர்வதாக இருந்தது திட்டம். அவர்கள் சேரவில்லை. குண்டுவீச்சுக்கு நடுவே, மூன்று வாரங்கள் தன்னந்தனியாக இயங்கி, மார்ச் 16 அன்று மால்டோவாவோடு சேர்ந்து ஐரோப்பியக் கட்டமைப்பில் இணைந்தார்கள். அடுத்த ஆண்டில் முடிப்பதாக இருந்த வேலை அது. இந்த நிகழ்வை மீள்திறன் என்ற சொல்லால் விளக்க முயன்று பாருங்கள். சொல் எதிர்த்திசையில் இழுக்கும். அவர்கள் உயிர்தப்பியதே திரும்பிப் போகாததால்தான்.

உறுப்புரிமைப் பாதையும் அப்படியே. படையெடுப்பு தொடங்கிய ஐந்தாம் நாளான பிப்ரவரி 28 அன்று உக்ரைன் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்தது. ஜூன் 23 அன்று வேட்பாளர் நாடு என்ற தகுதி கிடைத்தது. 2023 டிசம்பரில் பேச்சுவார்த்தையைத் தொடங்கத் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். 2024 ஜூன் 25 அன்று லக்சம்பர்க்கில் முதல் கூட்டம் நடந்தது. வேட்பாளர் தகுதியோடு ஏழு படிகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள்: அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை, நீதித்துறைச் சீர்திருத்தம், ஊழல் தடுப்பு, பணச்சலவைத் தடுப்பு, பெருஞ்செல்வர்களின் பிடியைத் தளர்த்துவது, ஊடகச் சட்டம், சிறுபான்மையினர் உரிமை என்று. போர்க்காலத்தில் ஒரு நாடு தன் நீதிமன்றங்களைத் திருத்திக்கொண்டிருப்பது பழைய நிலைக்கு மீளும் முயற்சி ஆகாது. பழைய நிலை வேண்டாம் என்பதே அதன் உள்ளடக்கம். இதற்கு நம்மிடம் உள்ள 'சீர்திருத்தம்' என்ற சொல்லில் குறையேதும் இல்லை. அதை விட்டுவிட்டு வேறு தேட வேண்டியதில்லை.

இந்தச் சீர்திருத்தம் எப்படிச் சோதனைக்குள்ளானது என்பதையும் சொல்ல வேண்டும். ஊழல் தடுப்புப் புலனாய்வு அமைப்பையும் அதற்குரிய சிறப்பு வழக்குத் தொடுப்பு அலுவலகத்தையும் தலைமை அரசு வழக்குரைஞரின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் சட்டம் 2025 ஜூலை 22 அன்று கீவில் நிறைவேறியது. அன்று மாலையே, போர்ச் சட்டம் நடப்பில் இருக்கும் நாட்டில், இளைஞர்கள் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் எழுதிய வாசகங்களோடு தெருவில் கூடினார்கள். ஒன்றியமும் வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. ஜூலை 31 அன்று நாடாளுமன்றம் அந்த அமைப்புகளின் தன்னுரிமையை மீட்டுக் கொடுத்தது. ரெசிலியன்ஸ் என்பது எதிரியின் ஏவுகணையைத் தாங்குவதோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் பரிந்துரை தாங்குதிறன். காரணம் 'தாங்கு' என்ற வினையிலேயே இருக்கிறது. தமிழில் தாங்குவதற்கு இரண்டு முகங்கள் உண்டு. வலியைத் தாங்குகிறோம், அடியைத் தாங்குகிறோம். அங்கே அது பொறுத்து நிற்பது. விழப்போகிறவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போகிறோம், ஆலமரத்தை விழுது தாங்குகிறது. அங்கே அது முட்டுக் கொடுப்பது. சாலையோரச் சுமைதாங்கிக் கல் இரண்டாம் வகை: சுமப்பவரின் தலைச்சுமையைச் சற்று நேரம் தான் வாங்கிக்கொண்டு, அவர் மறுபடி நடக்க வழி செய்கிறது. லத்தீன் சொல்லிலும் உக்ரைனியச் சொல்லிலும் இந்த இரண்டாவது முகம் இல்லை. உக்ரைன் நிற்பதையும் அது நிற்பதற்குப் பிறர் தோள்கொடுப்பதையும் ஒரே வேரில் சொல்லும் வாய்ப்பு தமிழுக்கு இயல்பாக வாய்த்திருக்கிறது.

2024 முதல் 2027 வரைக்குமாக ஒன்றியம் ஒதுக்கிய 5,000 கோடி யூரோ இந்த இரண்டாம் முகத்தைச் சேர்ந்தது. அதில் 3,300 கோடி கடன், 1,700 கோடி திருப்பித் தர வேண்டாத கொடை. அந்தத் திட்டத்தின் பெயரில் வரும் 'ஃபெசிலிட்டி' என்பதை வசதி என்று பெயர்க்கக் கூடாது. நிதி ஏற்பாடு என்பதே சரி. உக்ரைன் தானே எழுதிக் கொடுத்த திட்டத்தின் படிகள் நிறைவேறியதைப் பார்த்துத்தான் தவணை வரும். நிறைவேறாத படிக்குரிய தொகை நிறுத்திவைக்கப்படும். தாங்குகிறவர் இப்படிக் கணக்குக் கேட்கலாமா என்று சிலர் வருந்துவதுண்டு. ஓய்வூதியமும் ஆசிரியர் ஊதியமும் இந்தப் பணத்தை நம்பியிருக்கும்போது அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அட்டைப் பலகையோடு தெருவில் நின்ற இளைஞர்கள் கேட்டதும் அதே கணக்கைத்தான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், துன்பப்படுகிறவரின் பெருமையை மட்டும் பாடிவிட்டு நகர்ந்துவிடும் ஆபத்து இதில் உண்டு. 'இடுக்கண் அழியாமை' என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. துன்பத்தில் மனம் குலையாமையைப் பேச அதைவிட நல்ல தொடர் நமக்குக் கிடைக்காது. ஆயினும் அது தனிமனிதரின் உள்ளத்தைப் பற்றியது. மின்மாற்றிக்கும் வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் அதை நீட்ட முடியாது. நீட்டினால், உள்ளம் உறுதியாக இருந்தால் போதும், மின்மாற்றி வந்து சேரத் தாமதமானாலும் பரவாயில்லை என்ற தொனி வந்துவிடும்.

நெகிழ்திறனை நான் ஏற்கவில்லை. ரஷ்ய எல்லைக்கு அருகே உள்ள கார்கீவ் நகரத்தின் மேல் விழும் குண்டுக்கு யாரும் நெகிழ்ந்து கொடுப்பதில்லை. மீண்டெழும் ஆற்றல் என்பதை, புயலோ வெள்ளமோ வந்து ஓய்ந்த பிறகான காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உக்ரைனைப் பற்றியும் போர் முடிந்தபின் அப்படி எழுதும் நாள் வரட்டும். வினையாக எழுத வேண்டிய இடத்தில் 'தாக்குப்பிடித்தல்' இருக்கிறது. வீட்டிலும் சந்தையிலும் எல்லாரும் சொல்லும் சொல், செய்தித்தாளுக்கும் தகுதியானதே. கார்கீவில் ஏவுகணை வந்து விழ ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால், 2023 செப்டம்பரில் மெட்ரோ நிலையங்களுக்குள் வகுப்பறைகள் அமைத்தார்கள். மறு ஆண்டு மே மாதம் நிலத்தடிப் பள்ளி ஒன்றையே கட்டித் திறந்தார்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளைப் பற்றி 'மீள்திறன் மிக்க மாணவர்கள்' என்று எழுதுவதைவிட, 'அந்தப் பள்ளி தாக்குப்பிடிக்கிறது' என்று எழுதினால் வாசகர் உடனே நிலத்துக்கடியில் போய்விடுவார். லித்துவேனியாவில் ஓர் அனல்மின் நிலையத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, லாரிகளில் ஏற்றி, உக்ரைனில் உடைந்தவற்றைச் சரிசெய்ய அனுப்பினார்களே, அதையும் 'உக்ரைனின் தாங்குதிறனுக்கு உதவி' என்று சுற்றி எழுத வேண்டியதில்லை. லித்துவேனியா தாங்கிக்கொடுத்தது என்றாலே போதும்.