பூட்டிய வீட்டில் காத்திருந்தவை

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூருவுக்குச் சென்றவர்கள், வளர்த்த பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு மாதம் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆடிப் பெருக்குக்கு ஊர் திரும்பிக் கதவைத் திறந்து உள்ளே நடமாடத் தொடங்கியதுமே எல்லோருடைய கணுக்காலிலும் சிவந்த தடிப்புகள் எழும்பிவிட்டன. ஆளில்லாத வீட்டில் ஏதோ குடியேறிவிட்டது, பரிகாரம் செய்தாக வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பூனையும் இல்லாமல், குடிக்க இரத்தமும் இல்லாமல் பூச்சிகள் இரண்டு மாதம் எப்படி உயிரோடு இருக்கும் என்பது அவருடைய கேள்வி.

கடித்தது தெள்ளுப்பூச்சி. நம் பக்கத்தில் பலர் இதையும் உண்ணி என்றே சொல்கிறார்கள். ஆனால் உண்ணிக்கு எட்டுக் கால், அது ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு உப்பும். தெள்ளுக்கு ஆறு கால், பக்கவாட்டில் தட்டையான உடல், தாவி ஓடும் இயல்பு. முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என்னும் நான்கு பருவங்கள் பள்ளியில் படித்தவைதான். பெண் தெள்ளு ஒரு நாளில் 40 முட்டைகளுக்கு மேலும் இட வல்லது. வழவழப்பான அந்த முட்டைகள் பூனையின் முடியில் தங்காமல், அது படுக்கும் சாக்கிலும் கட்டிலடியிலும் உதிர்கின்றன. தாய்ப்பூச்சி தன் தேவைக்கு மேல் இரத்தம் குடித்து, மிகுந்ததைக் கழிவாக வெளியேற்றுகிறது; அது காய்ந்து முட்டைகளோடு தரையில் விழ, வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை வெடிப்புகளில் ஒளியும் புழுக்களுக்கு அதுவே உணவாகிறது.

வாசகரின் கேள்விக்கு விடை அடுத்த பருவத்தில் இருக்கிறது. வளர்ந்த புழு பட்டுப்புழுவைப் போலவே இழை சுரந்து தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அந்த இழை பசைத்தன்மை உடையது. ஆகவே சுற்றியுள்ள மண்ணும் தூசியும் முடியும் அதில் ஒட்டிக்கொள்ள, கூடு தரையின் நிறத்தையே பெற்றுவிடுகிறது. உள்ளே சில நாட்களில் முழுப் பூச்சி உருவாகிவிடும். ஆனால் அது உடனே வெளியே வருவதில்லை. வெளியே வந்து இரத்தம் கிடைக்காவிட்டால் அதன் ஆயுள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களே. கூட்டுக்குள் அசையாமல் கிடந்தாலோ, ஆற்றலை மிகச் சிக்கனமாகச் செலவிட்டு, ஏற்ற ஈரமும் குளுமையும் இருந்தால் ஏறக்குறைய 5 மாதம் வரை பிழைத்திருக்கும். அது காத்திருப்பது இரண்டு அடையாளங்களுக்காக: கூட்டின்மேல் விழும் அழுத்தம், உடலின் வெதுவெதுப்பு. இரண்டும் சேர்ந்தால், மேலே ஓர் உயிர் வந்துவிட்டது என்று பொருள். நொடிகளில் கூட்டைக் கிழித்து வெளியேறும் பூச்சி, நம் மூச்சில் உள்ள கரியமில வாயுவையும் அசையும் நிழலையும் துணையாகக் கொண்டு தாவுகிறது. பாலக்கோட்டு வீட்டில் நடந்தது இதுதான். வந்தவர்களின் காலடிதான் அவற்றை எழுப்பியது. கடுகளவு மூளைகூட இல்லாத ஓர் உயிர் இத்தனை துல்லியமாகக் காலம் பார்ப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது அச்சம் வருவது இயல்பே. ஆயினும் பரிகாரத்துக்குச் செலவிடும் பணத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதே பயன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன். பிளேக் நோயை எலித்தெள்ளு பரப்புகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சிமோந் 1898இல் கராச்சியில் காட்டிய பிறகுதான் அந்நோய் குறித்த பல அச்சங்கள் விலக வழி பிறந்தது. இன்று நம் ஓசூரிலேயே பூச்சிகளாலும் விலங்குகளாலும் பரவும் நோய்களை ஆராயும் அரசு நிறுவனம் இருக்கிறது. நோய் வெடித்த பிறகு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கையாவது, நோயில்லாத ஆண்டுகளிலும் எலியையும் தெள்ளையும் எண்ணிக்கொண்டிருக்கும் இத்தகைய பணிக்குத் தர வேண்டும் என்பது என் கருத்து.

இனிச் செய்ய வேண்டியது. கூட்டைப் பூச்சிமருந்து எளிதில் துளைக்காது. ஒரு முறை தெளித்துவிட்டு ஓய்வது வீண். பூனைக்கும், வீட்டில் நாய் இருந்தால் அதற்கும், மருத்துவர் தரும் பிடரியில் விடும் சொட்டு மருந்தை மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம் விடவேண்டும். நாய்க்கென விற்கும், பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது; அதைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு என்பதால் வலிப்பு வந்து உயிரே போகலாம். மண்ணெண்ணெயும் எறும்புப்பொடியும் அதைப் போலவே ஆபத்தானவை, ஏனெனில் பூனை தன் உடலை நக்கிக்கொண்டே இருக்கும். தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரக்கூடும் என்பதால் அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். பூனை படுக்கும் துணிகளைக் கொதிநீரில் ஊறவையுங்கள். தரை வெடிப்புகளை அடைத்து, கட்டிலடியையும் மூலைகளையும் நாள்தோறும் அழுத்திப் பெருக்கி, குப்பையைச் சோப்பு நீரில் கொட்டுங்கள். அந்த அழுத்தமே கூட்டுக்குள் இருப்பவற்றை வெளியே வரவழைக்கும்.

இதற்கிடையிலும் சில வாரங்களுக்குப் புதிய பூச்சிகள் வந்துகொண்டிருக்கும். மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை அணிந்து வாரம் ஒரு முறை எல்லா அறைகளிலும் மெதுவாக நடந்து, அதில் ஏறும் கரும்புள்ளிகளை எண்ணிவிட்டுக் காலுறையைச் சோப்பு நீரில் அமிழ்த்துங்கள். அந்த எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறைவதை நீங்களே காண்பீர்கள்.