கான்கார்டு ஜன்னல் ஏன் சுட்டது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முதல் வகுப்பைவிட அதிகக் காசு கொடுத்து அந்தக் காலத்தில் கான்கார்டு விமானத்தில் பறந்தவர்கள், கேவியர், ஷாம்பெயின் பெருமையெல்லாம் முடிந்ததும், ஜன்னலைத் தொட்டால் சூடாக இருந்தது என்கிறார்களே. வெளியே மைனஸ் 56 டிகிரி குளிர் இல்லையா?"

அவர்கள் கதை விடவில்லை. 1976 முதல் 2003 வரை பயணிகளோடு பறந்த கான்கார்டில் இருக்கைகள் குறுகல், ஜன்னல் உள்ளங்கை அகலம்தான். ஆனால் ஒலியைப்போல் இரு மடங்கு வேகம். நொடிக்கு 600 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டுக்குக் காரணம் கேட்டால் பலரும் 'உராய்வு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது முழுக் கதை இல்லை. சைக்கிளுக்குக் காற்றடித்த கைக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் எப்படிச் சுடும் என்று. அமுக்கினால் காற்று சூடாகும். விமானத்தின் மூக்கு நுனியில் அதேதான் நடக்கிறது. விமானத்தில் உட்கார்ந்து பார்த்தால், எதிரே 600 மீட்டர் வேகத்தில் வரும் காற்று அந்த நுனியில் முட்டி, அப்படியே நின்றுவிடுகிறது. ஓடிவந்த ஆற்றல் எங்கே போகும்? வெப்பமாகத்தான் மாற வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை, காற்றின் வெப்ப ஏற்புத்திறனின் (ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் ஆற்றல், சுமார் 1,005 ஜூல்) இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள்: 3,60,000-ஐ 2,010-ஆல் வகுத்தால் சுமார் 179 டிகிரி. மைனஸ் 56-உடன் கூட்டினால் 123! மூக்குக்கு விதித்திருந்த உச்சவரம்பு 127. பள்ளிக்கூடக் கணக்கு இவ்வளவு கிட்டே வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னமும் அலுக்கவில்லை.

பக்கவாட்டில், உடலை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில் உராய்வும் சேர்ந்துகொள்ளும். அங்கே சூடு கொஞ்சம் குறைவு. அதுதான் ஜன்னலில் தெரிந்தது. அலுமினியக் கலவை இதற்கு மேல் தாங்காது என்பதால்தான் வேகத்தையும் மாக் 2-ஐ, அதாவது ஒலியின் இரு மடங்கு வேகத்தை, ஒட்டியே நிறுத்திக்கொண்டார்கள்.

பிரிட்டனும் பிரான்சும் மக்கள் வரிப்பணத்தைக் கொட்டிச் செய்த விமானத்தில் பணக்காரர்கள்தான் ஏறினார்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு. அப்புறம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பேன், கோபம் பாதியாகிவிடும்.

சரி, சூடானால் உலோகம் நீளுமே? 62 மீட்டர் விமானம் பறக்கும்போது அரை அடிக்குக் குறையாமல் நீண்டது. விமானி அறையில், கூடவே பறக்கும் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். கடைசிப் பயணங்களில் பொறியாளர்கள் சிலர் தங்கள் தொப்பியை அதில் செருகிவிட்டார்கள். விமானம் ஆறியதும் இடைவெளி மூடிக்கொண்டது, தொப்பியைக் கவ்வியபடி.